மை டியர் சேர்: ஒரு கடுதாசியும் சில சொற்களின் பழங்கதையும்

1979ஆம் ஆண்டு. கிழக்கிலங்கைக் கிராமமொன்றின் பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியனாகச் சென்று எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பத்தாம் வகுப்பு மாணவியொருத்தி தன் ராத்தாவின் கலியாணத்துக்காக இரண்டு நாள் லீவு கேட்டு எனக்கொரு கடிதம் எழுதினாள். ஆங்கிலத்திலேயே எழுதினாள். லீவுக் கடிதங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டுமென்று அந்த வகுப்புக்குச் சட்டம் போட்டவன் நானே. மாதிரிக் கடிதத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவனும் நானே. வெள்ளைக்காரன் காலத்துக் கடிதக் கைநூலொன்று என்னிடம் இருந்தது. நன்கு பழகிய பெரியவர்களுக்கு 'மை டியர் சேர்' என்று தொடங்கலாம் என அதில் கண்டிருந்தது. அதையும் சொல்லிக் கொடுத்தேன்.

அவள் 'மை டியர் சேர்' என்று தொடங்கி, 'யுவர் லவிங் பியூப்பில்' என்று முடித்திருந்தாள். நடுவில் எழுத்துப் பிழை ஒன்றே ஒன்றுதான். அந்த வகுப்பில் அவ்வளவு சுத்தமாக ஆங்கிலம் எழுதிய வேறு பிள்ளை இல்லை.

கடிதத்தைக் கொண்டுவந்த தம்பிக்காரன் அதை என் கையில் தரவில்லை. ஆசிரியர் அறையில் யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். படித்தவருக்கு அந்தக் கடிதத்தில் புரிந்தவை இரண்டே சொற்கள். ஒன்று டியர், மற்றது லவிங். மஃரிபுக்கு முன்னமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் அவளுடைய வாப்பா வந்தார். சத்தம் போடவில்லை. மகளின் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அவள் தோற்றவேயில்லை.

அப்படி எழுதக் கற்பித்தவன் நான்தான் என்று அதிபரின் அறையில் சொன்னேன். அதை அவளுடைய வீட்டு வாசலில் போய் நின்று சொல்லியிருக்க வேண்டும். இருபத்துநாலு வயது. பயம். போகவில்லை.

அன்று அந்த 'டியர்' பற்றி எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் அதன் பொருள் 'அன்புள்ள' என்பது மாத்திரமே. கற்பித்தவனுக்கே அவ்வளவுதான் தெரிந்திருந்தது என்றால் ஆசிரியர் அறையைக் குறை சொல்லி என்ன பயன்? அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளாக, அகராதி கையில் கிடைக்கும்போதெல்லாம் ஆங்கிலேயர் ஒருவரையொருவர் செல்லமாய் அழைக்கும் சொற்களை முதலில் புரட்டிப் பார்ப்பது எனக்கொரு பழக்கமாகிவிட்டது. அப்படிச் சேர்ந்தவற்றில் சிலதை இங்கே எழுதுகிறேன்.

'டியர்' பழைய ஆங்கிலத்திலேயே உள்ள சொல். விலை கூடியது என்பதும் அன்புக்குரியது என்பதும் அதற்குள் ஒருங்கே இருந்தன. இன்றும் இங்கிலாந்தில் சந்தைக்குப் போகிற கிழவி மீனின் விலையைக் கேட்டுவிட்டு 'டியர்' என்று முகத்தைச் சுளிப்பாள். வீட்டுக்கு வந்து புருஷனையும் அதே சொல்லால் அழைப்பாள். நமக்கு இது புதுமையல்ல. 'அருமை மகன்' என்கிறோமே, அந்த அருமையின் வேர் அரிது என்பதுதான். கிடைப்பதற்கு அரியது, ஆகவே பெறுமதியானது, ஆகவே நெஞ்சுக்கு நெருக்கமானது. அரபியின் 'அஸீஸ்' என்பதும் இதே வழியில் நடந்த சொல். வலிமை, அரிது, அன்புக்குரியது ஆகிய மூன்றும் அதில் ஒன்றாகக் குடியிருக்கின்றன. நம்மூர்களில் வீட்டுக்கொரு அஸீஸ் இருக்கிறார். ஆங்கிலத்தில் பெயர்த்தால் அவர்கள் எல்லோரும் 'டியர்'கள்தாம்.

இந்த டியரிலிருந்து பிறந்த இன்னொரு சொல்லும் இருக்கிறது. 'டேர்த்' என்பது அது. பஞ்சம், தட்டுப்பாடு என்று பொருள். தானியம் அரிதாகி விலை ஏறினால் அது டேர்த். அன்புக்குரியதும் பஞ்சமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நான் முதன்முதலில் படித்தபோது யூசுப் நபியின் வரலாறு நினைவுக்கு வந்தது. பஞ்சத்தால் நொந்து தானியம் கேட்டுவந்த சகோதரர்கள், தம்பியென்று அறியாமல் அவரை 'அஸீஸே' என்றல்லவா அழைத்தார்கள்? அது எகிப்தின் பதவிப் பெயர் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனாலும் அந்த இடத்தில் அந்தச் சொல்லைக் கேட்கும்போது எனக்குப் பதவி மட்டும் கேட்பதில்லை.

'டார்லிங்' இதே டியரின் பிள்ளை. பழைய ஆங்கிலத்தில் அது 'டேஓர்லிங்' என்று இருந்தது. பின்னால் ஒட்டியிருக்கும் 'லிங்' சிறுமையைக் குறிப்பது, வாத்துக்குஞ்சை 'டக்லிங்' என்பதுபோல. ஆக, டார்லிங் என்றால் சின்ன அருமை, நம் பேச்சில் செல்லம். நம் சினிமாக்காரர்கள் இந்தச் சொல்லைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது இருந்த இடமோ வேறு. ஏல்ஃப்ரிக் என்ற ஆங்கிலத் துறவி, ஈஸாவின் சீடரான யோவானைக் குறிக்க இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார். இறைநேசர்களுக்கும் அரசனின் அபிமானத்துக்கு உரியவர்களுக்கும் அது பொருந்திய பெயர்.

இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. நம்மிடம் 'ஹபீப்' இல்லையா? கடைத்தெருவில் அரபுக்காரர் தேநீர்க்காரனை 'ஹபீபீ' என்கிறார். நாம் நபியவர்களை 'ஹபீபுல்லாஹ்' என்கிறோம். குணங்குடி மஸ்தான் சாகிபு 'மனோன்மணிக் கண்ணி'யில் பரம்பொருளைக் காதலியாக்கிக் கூப்பிடவில்லையா? 'பாரமோர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இந்தக் கதைதான். பிரெஞ்சிலிருந்து வந்தது, 'காதலால்' என்று பொருள். மத்தியகால இங்கிலாந்தில் பக்தர்கள் ஈஸாவையும் மர்யத்தையும் குறிக்க அதை வழங்கினார்கள். பிறகு காதலர் என்றாயிற்று. அதன் பிறகு கள்ளக் காதலர் என்று கீழிறங்கிற்று. இன்றைக்கு அந்தச் சொல்லைப் பத்திரிகைகளின் குற்றச் செய்திகளில்தான் காணலாம். சொற்கள் ஏறுவதைவிட இறங்குவதே அதிகம்போலும்.

டார்லிங் என்பது குடும்பப் பெயராகவும் ஆயிற்று. ரால்ஃப் டார்லிங் என்றொரு ஆளுநர் நியூ சவுத் வேல்ஸை ஆண்டார். கடும் தண்டனைகளுக்குப் பேர்போனவர். சார்ல்ஸ் ஸ்டர்ட் 1829இல் கண்ட பெரிய ஆற்றுக்கு அவருடைய பெயரையே வைத்தார். அவுஸ்திரேலியாவின் வரைபடத்தில் டார்லிங் ஆறு என்று படித்துவிட்டு, யாரோ ஒரு காதலன் பெயரிட்டான் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 2007 முதல் 2010 வரை பிரித்தானியாவின் நிதி அமைச்சராக இருந்தவரும் ஒரு டார்லிங்தான், அலிஸ்டேர் டார்லிங். வங்கிகள் சரிந்துகொண்டிருந்த அந்த நாட்களில் அவரை அப்படிக் கூப்பிட்ட யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

இனி நம் கரைக்கு வருகிறேன். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெஃப்ரி சோஸர் எழுதிய 'கேன்டர்பரி கதைகள்' நூலில் ஆலைக்காரன் சொல்லும் கதையொன்று வருகிறது. கோயில் எழுத்தன் ஒருவன் விடியலுக்கு முன் ஒரு பெண்ணின் யன்னலடியில் நின்று அவளைக் கெஞ்சுகிறான். தேனடை என்கிறான், பறவை என்கிறான், கறுவா என்கிறான். ஆம், கறுவாதான். (அவனுக்குக் கடைசியில் நேர்ந்த அவமானம் இந்தச் சஞ்சிகையில் எழுதக்கூடியதல்ல.)

ஒரு பெண்ணைக் கறுவாவே என்று அழைத்தால் நம்மூரில் அவள் என்ன நினைப்பாள்? கறிக்குப் போடுகிற பட்டையைச் சொல்லித் தன்னைக் கேலி செய்கிறான் என்று நினைப்பாள். சோஸரின் இங்கிலாந்தில் அது அப்படியல்ல. ஆயிரக்கணக்கான மைல் கடந்து, கை மாறிக் கை மாறி, விலை ஏறி ஏறி வந்துசேரும் வாசனை அது. அங்கே கறுவா அரிது. அரிதானதால் அருமை. பழையபடி டியரின் கதையேதான்.

அதன் மறுமுனையில் நின்று பார்த்தவர் இப்னு பதூதா. 1344இல் இலங்கையில் இறங்கினார். அவர் 'பத்தாலா' என்று எழுதும் ஊர் நம்முடைய புத்தளம் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். கரையெங்கும் கறுவா மரங்கள் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் குன்றுபோல் கிடந்ததாகவும், மஃபரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வருகிறவர்கள் விலையெதுவும் கொடாமல் அள்ளிக்கொண்டு போனதாகவும், அரசனுக்குப் பதிலாகத் துணிமணிகளை அன்பளிப்புச் செய்ததாகவும் அவர் எழுதிவைத்தார். மஃபர் என்பது சோழமண்டலக் கரை. அள்ளிக்கொண்டு போனவர்களில் நம்முடைய மூத்தவாப்பாமாரின் மூத்தவாப்பாமார் இருந்திருக்க மாட்டார்களா?

அந்த ஆண்டில் சோஸர் லண்டனில் கைக்குழந்தை. புத்தளத்துக் கரையில் காசில்லாமல் அள்ளிய விறகு, அரபு வணிகரின் கப்பலேறி, ஏடன் தாண்டி, அலெக்சாந்திரியாவில் வெனிஸ்காரனின் கைக்கு மாறி, வடக்கே போய்ச் சேரும்போது காதலிக்குச் சூட்டும் பெயராகிவிட்டது. 1505இல் போர்த்துக்கேயர் இங்கே வந்ததற்கும், 1658இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தி முடித்ததற்கும் காரணங்களைத் தேடிப் பெரிய பெரிய நூல்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்த யன்னலடி எழுத்தனின் வாயிலிருந்தே பாதிக் காரணம் கிடைத்துவிடுகிறது. கறுவா மலிந்த பிறகு எந்த ஆங்கிலேயனும் தன் காதலியை அப்படி அழைக்கவில்லை.

தேனுக்கு அந்தக் கதி நேரவில்லை. 'ஹனி' என்று ஆங்கிலேயர் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே அழைத்துவருகிறார்கள், இன்னும் விடவில்லை. நாம் 'தேனிலவு' என்று சொல்வது 'ஹனிமூன்' என்பதன் நேர்ப் பெயர்ப்பு. ஆனால் பெயர்த்தவர் அதிலிருந்த கிண்டலை விட்டுவிட்டார். 1552இல் ரிச்சட் ஹூலோயட் தம் அகராதியில் தரும் விளக்கம் இதுதான்: புதிதாய் மணந்தவர்கள் தொடக்கத்தில் ஒருவரிலொருவர் உயிராய் இருப்பார்கள், பிறகு அது தேயும். நிலா அங்கே அழகுக்காக வரவில்லை, தேய்வதற்காகவே வந்தது.

சீனியின் கதை இன்னும் நீளம். 'சுகர்' என்று மனைவியையும் காதலியையும் அழைப்பது 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவிய வழக்கம். சொல்லோ நம் பக்கத்திலிருந்து போனது. சமஸ்கிருதத்தில் 'சர்க்கரா' என்றால் முதலில் பரல்கல். கல்லுப்போல் நொறுங்குவதால் இனிப்புக்கும் அதே பெயர் வந்தது. பாரசீகத்தில் 'ஷகர்', அரபியில் 'சுக்கர்'. அரபியர் கரும்பை எகிப்துக்கும் சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டுசென்றார்கள். கூடவே சொல்லும் போயிற்று. ஸ்பானியர் இன்றும் அரபியின் 'அல்'லையும் சேர்த்து 'அஸுகார்' என்றே சொல்கிறார்கள். தமிழில் சர்க்கரை, சிங்களத்தில் ஹக்குரு. மலையாளத்துச் 'சக்கர' போர்த்துக்கேயர் நாவில் புரண்டு 'ஜாகரி'யாகி, ஆங்கிலத்தில் ஏறி, நாமே ஆங்கிலம் பேசும்போது நம் கித்துள் கருப்பட்டியை 'ஜகரி' என்னும்படி ஆகிவிட்டது. குழந்தையைச் 'சக்கரக்கட்டி' என்று கொஞ்சும் தமிழ்த் தாயும், 'சுகர்' என்னும் அமெரிக்கனும் ஒரே கல்லைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். இடையில் அந்தச் சீனி ஐரோப்பியர் வீட்டு மேசைக்கு மலிவாக வந்துசேர்ந்தது கரீபியன் தோட்டங்களில் அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்கரின் முதுகின் மேல் ஏறித்தான். அந்தப் பகுதி எந்தக் கொஞ்சலிலும் கேட்பதில்லை.

'புல்லி' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடசாலைகளில் எளிய பிள்ளையை வதைக்கிறவனுக்கு இன்று அந்தப் பெயர். 16ஆம் நூற்றாண்டில் அதன் பொருள் காதலர், கண்ணாளர். ஒல்லாந்தச் சொல்லொன்றிலிருந்து வந்ததாகக் கூறுவர். ஷேக்ஸ்பியரின் 'நள்ளிரவுக் கனவு' நாடகத்தில் நெசவாளி பொட்டமை அவனுடைய தோழர்கள் அப்படித்தான் அன்போடு அழைக்கிறார்கள். பிறகு நல்லவன், பிறகு வாய்ச்சவடால்காரன், பிறகு வதைப்பவன். நூறு ஆண்டு சொச்சத்துக்குள் கண்ணாளன் கொடியவனாகிவிட்டான். சில குடும்பங்களில் இதற்கு அவ்வளவு காலம்கூட எடுப்பதில்லை.

1986இல் ஒரு வருடப் பயிற்சிக்காக லீட்ஸ் நகரத்துக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தது. முதல் வாரம் கேர்க்கேட் சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். மீன்கடைப் பெண்மணிக்கு என் உம்மாவின் வயதிருக்கும். 'என்ன வேணும், லவ்?' என்று கேட்டாள். காது சூடாகிவிட்டது. பக்கத்தில் யாரும் நம்மவர் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்ற தடித்த மீசைக்காரரிடமும் அதே 'லவ்'. பஸ்ஸில் ஏறினால், கரடிபோன்ற சாரதி ஆணான என்னையே 'லவ்' என்று கூப்பிட்டுச் சில்லறை கேட்டார். யோர்க்ஷயரில் அது 'காக்கா' 'தம்பி' என்பது மாதிரி. அவ்வளவுதான்.

பிறகு விடுமுறைகளில் சுற்றினேன். டார்பியில் என்னை 'டக்' என்றார்கள், வாத்து. நியூகாசிலில் 'பெட்', வளர்ப்புப் பிராணி. கிளாஸ்கோவில் என்னோடு வந்த பெண் ஆசிரியையை 'ஹென்' என்றார்கள், கோழி. பிரிஸ்டலில் தபால் கந்தோர்க் கிழவரொருவர் 'மை லவர்' என்று சொல்லி முத்திரையைக் கிழித்துக் கொடுத்தார். டார்பிக்காரர்கள் தங்கள் 'டக்' பறவையல்ல, பழைய சக்சன் பிரபுப் பட்டத்தின் மரூஉ என்று பெருமையோடு சொல்வார்கள். நான் நம்பவில்லை. 1590களிலேயே ஷேக்ஸ்பியரின் பாத்திரங்கள் காதலரை வாத்தே என்று அழைக்கின்றன. நாமும் கிளி, குயில், குஞ்சு என்று பறவைகளைத்தானே கூப்பிடுகிறோம்? வாத்துக்கு மட்டும் ஏன் பிரபுப் பட்டம் தேட வேண்டும்?

ஒவ்வொரு தடவை மீன்கடையில் அந்த 'லவ்' விழும்போதும் எனக்கு அந்தப் பிள்ளையின் கடிதம் ஞாபகம் வரும். ஒரு நகரம் முழுக்க, முன்பின் தெரியாதவனுக்கு மீனோடு சேர்த்துக் கொடுக்கும் சொல் அது. அதையே கடிதத்தின் அடியில் வைத்ததற்காக ஒருத்தி வீட்டுக்குள் இருந்தாள்.

லீட்ஸ் நூலகத்தில்தான் 'மை டியர்' பற்றிய மீதியும் தெரியவந்தது. 'டியர் சேர்' என்று தொடங்கினால் அதில் அன்பும் இல்லை, அருமையும் இல்லை. கடனைக் கேட்டு மிரட்டுகிற கடிதமும் அப்படித்தான் தொடங்கும். 'மை' சேர்ந்தால்தான் வேறுபாடு வருகிறது. பிரித்தானியரிடம் 'மை டியர் சேர்' என்பது 'டியர் சேர்' என்பதைவிட நெருக்கமானது. அமெரிக்கரிடம் தலைகீழ். அவர்களுடைய பழைய வழக்கில் 'மை' சேர்ந்தால் தூரமும் மரியாதையும் கூடும். அத்திலாந்திக்கின் ஒரு கரையில் ஒட்டி நிற்கும் சொல் மறுகரையில் விலகி நிற்கிறது. என் கைநூல் பிரித்தானியருடையது. ஆக, ஆசிரியர் அறை சந்தேகித்ததில் நூலிழை அளவு நியாயம் இருந்தது. அந்த நூலிழையை அவள் கையில் கொடுத்தவன் நான்.

இந்தச் சொற்கள் எல்லாம் அப்பாவிகள் என்று நான் வாதாட வரவில்லை. யார் யாருக்குச் சொல்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2011 ஏப்ரலில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் பிரதமர் டேவிட் கமரன், எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் ஏஞ்செலா ஈகிளைப் பார்த்து, தொலைக்காட்சி விளம்பரமொன்றின் பாணியில் 'அமைதியாகு, டியர்' என்றார். பெரிய கண்டனம் எழுந்தது. அந்த இடத்தில் டியர் என்றால் 'வாயை மூடு' என்பதே பொருள். 2024இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேயர் அமர்வு, கடமையிலிருந்த பெண் பொலிசை 'டார்லிங்' என்று அழைத்தவனின் குற்றத்தை உறுதிசெய்தது. முன்பின் அறியாத பெண்ணை அப்படி அழைப்பது பாலியல் சாயலுள்ள பேச்சு என்றது. ஏல்ஃப்ரிக் துறவியின் சொல் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். தீர்ப்பில் எனக்கு முரண்பாடில்லை. மீன்கடைக்காரியின் 'லவ்' எல்லோருக்கும் உரியது. இவனுடைய டார்லிங் ஒருத்தியைச் சிறுமைப்படுத்தவென்றே எடுக்கப்பட்டது.

என் உம்மா வாப்பாவை ஒரு நாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'இஞ்ச பாருங்க' என்பதே அவருடைய டார்லிங். வாப்பா தன் பெண்பிள்ளைகளை 'உம்மா' என்றும் எங்களை 'வாப்பா' என்றும் கூப்பிடுவார். பெற்றவர் பிள்ளையைப் பெற்றவராக்கிக் கூப்பிடும் இந்த வழக்கத்தை லீட்ஸில் ஒரு நண்பருக்கு விளக்க முயன்று தோற்றுப்போனேன். 'அப்படியானால் உங்கள் வாப்பா உங்களை எப்படி அழைப்பார்?' என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

2016இல் ஒரு கலியாண வீட்டில் அவளைக் கண்டேன். முக்காட்டுக்குள் நரைத்திருந்தாள். என்னை அடையாளம் கண்டு அவளாகவே வந்து ஸலாம் சொன்னாள். பக்கத்தில் மகளின் மகள் நின்றாள். அவளுக்குப் பதினைந்து வயதிருக்கும். அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிறாளாம், ஆங்கிலத்துக்கு டியூஷன் போகிறாளாம். சாப்பாட்டு நேரம் வரை ஊர்க்கதை பேசினோம். பிறகு சட்டென்று கேட்டாள்:

'சேர், அந்தக் கடுதாசில நான் என்ன சேர் பிழ எழுதின?'

முப்பத்தேழு வருடமாய்த் தயாராக வைத்திருந்த பதில் எதுவும் வாயில் வரவில்லை. 'ஒண்டும் பிழ இல்ல புள்ள. சிஸ்டருக்கு ஒரு எழுத்து விட்டுப்போச்சு, அவ்வளவுதான். மத்ததெல்லாம் நான் படிப்பிச்ச பிழ' என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு பேத்தியின் பையிலிருந்து கொப்பியை எடுக்கச் சொன்னாள். பரீட்சைக்கான மாதிரிக் கடிதம். அதிபருக்கு லீவு கேட்டு எழுதியது. முதல் வரியில் 'டியர் சேர்' என்றிருந்த இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள்.

'இது கிடக்கட்டா சேர்?'

'கிடக்கட்டும் புள்ள' என்றேன்.